பால் வத்தலம்மா, எடுக்குற நேரம் தான் குறைஞ்சிருக்கு

பினாங்குல பட்டர்வொர்த் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி, தாய்ப்பால் ஆலோசனை சொல்ற மிஸ்ஸி (நர்ஸ்) எனக்கு நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரும் அடையாளமும் வேண்டாம்னு கேட்டதால சுருக்கமா சொல்றேன்.

வயசு 29, மொதக் குழந்தை, பொம்பளப் புள்ள, 7 மாசம் முடியப் போகுது. வேலை பாயான் லெப்பாஸ்ல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில, தூசி புகாத க்ளீன் ரூம்ல, காலையில 7லேர்ந்து ராத்திரி 7 வரைக்கும் ஷிப்ட், ஒரு வாரம் நாலு நாள், அடுத்த வாரம் மூணு நாள். விடிகாலை 5:45க்கு கம்பெனி பஸ் ஏறி பாலம் தாண்டித் தீவுக்குப் போனா வீட்டுக்குத் திரும்ப ராத்திரி 8 ஆயிடுது. 98 நாள் பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்குப் போன புதுசுல ஒரு நாளைக்கு 4 தடவ பம்ப் பண்ணி ஒவ்வொரு தடவையும் 5 அவுன்ஸ் எடுத்திருக்காங்க. இப்ப 2 தடவ தான் முடியுது, அதுலயும் 3 அவுன்ஸ் தாண்டல. மார்பு பழைய மாதிரி கட்டுறது இல்ல, துணி நனையுறது இல்ல. 6 மாசத்துல மாதவிலக்கும் வந்துருச்சு. ஃப்ரீசர்ல சேத்து வெச்ச பால் எல்லாம் முடிஞ்சு போச்சு. பேபி சிட்டர் அக்கா பகல்ல 6 அவுன்ஸ் வீதம் 4 பாட்டில் குடுக்குறாங்க, "இன்னும் குடுத்தாலும் குடிப்பா"ன்னு சொல்றாங்களாம், பத்தாததுக்கு இப்ப பால் மாவு கலக்குறாங்க. கஞ்சியும் 4 வேளை. மாமியாரு "பால் வத்திருச்சு, இருக்கறதும் தண்ணியாத் தான் இருக்கு, நிறுத்திடு"ன்னு சொல்றாங்க. வேலையிலேர்ந்து வந்ததும் நாள் பூரா தேங்கின "சூட்டுப் பால"ப் பீச்சிக் கொட்டிட்டுத் தான் குழந்தையத் தூக்கணும்னு வீட்டுல ஒரு கட்டுப்பாடு வேற. கூட வேலை செய்யிற ஒருத்தர் ஒரு மாத்திரை அட்டை குடுத்திருக்காங்க, ஆன்லைன்ல வாங்குன பூஸ்டர் பவுடர் ஒரு டப்பா அப்படியே இருக்கு. கடைசியா எழுதியிருந்தது தான் என்னைய ரொம்ப நேரம் அசையாம உக்கார வெச்சுது: "நான் வீட்டுக்கு வந்து தூக்குனா அவ மார்புல வாய் வெக்காம மூஞ்சியத் திருப்பிக்கிறா மிஸ்ஸி, என்னைய அவளுக்கு வேண்டாமோ?"

வணக்கம் மா. அந்தக் கேள்விக்குக் கண்டிப்பா வர்றேன், ஆனா அதுக்குப் பதில் உங்க கடிதத்துலயே நீங்க எழுதியிருக்கிற கணக்குல தான் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா என் கூட வாங்க.

மார்பு லேசா ஆச்சுன்னா பால் போச்சுன்னு அர்த்தம் இல்ல

குழந்தை பொறந்த மொத சில வாரம் பால் சுரக்குறது பெரும்பாலும் ஹார்மோன் வேகத்துல நடக்கும், எவ்வளவு வேணும்னு உடம்புக்கு இன்னும் தெரியாது, அதனால தேவைக்கு மேலயே சுரந்து கட்டிக்கும், ஒழுகும். 6 வாரத்துலேர்ந்து 12 வாரத்துக்குள்ள அது நெதானத்துக்கு வந்துரும். அதுக்கப்புறம் ஒவ்வொரு மார்பும் தனித்தனியா கணக்கு வெச்சு வேலை செய்யுது, பால் வெளிய போனா வேகமா சுரக்கும், உள்ளயே தங்குனா "போதும்"னு மெதுவாயிடும். இந்த ஒரு விஷயம் தான் மத்த எல்லாத்துக்கும் அடிப்படை. 7 மாசத்துல மார்பு மெத்துன்னு இருக்கிறது, ஒழுகாம இருக்கிறது எல்லாம் சரியான நிலைமை தான். கட்டிப் போயி கல்லா இருந்தாத் தான் பால் இருக்குன்னு நம்பி, நான் என் மூத்த பையனுக்கு அஞ்சாவது மாசத்துலயே நிறுத்திட்டேன், அப்ப எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல. அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல மகப்பேறு வார்டுல வேலை செஞ்சு, இப்ப தாய்ப்பால் ஆலோசனைக்குன்னே உக்காந்திருக்கேன், வாரத்துக்கு ஒருத்தராவது இதே பயத்தோட வர்றாங்க.

"தண்ணியா இருக்கு"ங்கறதுக்கும் பதில் சொல்லிடறேன். மார்பு நெறைஞ்சு இருக்கும்போது மொதல்ல வர்ற பால்ல கொழுப்பு கம்மி, பாக்கத் தண்ணியா நீலமா தெரியும். காலியாக ஆகத் தான் கொழுப்பு ஏறும். அப்படிப் பாத்தா மெத்துன்னு இருக்கிற மார்புலேர்ந்து வர்ற பால் இன்னும் கெட்டி. 6 மாசத்துக்கு அப்புறம் சத்து இல்லன்னு யாரும் சொன்னா அதையும் நம்பாதீங்க, 6 மாசத்துலேர்ந்து 12 மாசம் வரைக்கும் குழந்தைக்கு வேணும்ங்கற சக்தியில பாதி, சில சமயம் அதுக்கும் மேலயே, தாய்ப்பால்லேர்ந்து கிடைக்கும், ரெண்டாவது வருஷத்துல கூட மூணுல ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2 வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் குடுக்கலாம்னு சொல்றது இதனால தான்.

அந்த 24 அவுன்ஸ்

இப்ப நான் சொல்லப் போறத உங்க வீட்டுக்காரரையும் பேபி சிட்டர் அக்காவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை 1 மாசத்துலேர்ந்து 6 மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு, அதாவது ராத்திரியும் சேத்து 24 மணி நேரத்துக்கு, சராசரியா 750லேர்ந்து 800 மில்லி வரைக்கும் தான் குடிக்குது. ஒரு குழந்தைக்கு இன்னொண்ணு கூடக் குறைய இருக்கும், ஆனா அந்த அளவு மாசா மாசம் ஏறிக்கிட்டே போறது இல்ல. ஏன்னா குழந்தை பெருசாக ஆக எடை ஏறுற வேகம் குறையுது, ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடுது. மாவு டப்பாவுல வயசுக்கு வயசு அவுன்ஸ் ஏத்தி அட்டவணை போட்டிருக்காங்களே, அது மாவுப் பாலுக்கு உள்ள கணக்கு, அத வெச்சு உங்க பால அளந்தா எப்பவும் பத்தாத மாதிரியே தெரியும்.

உங்க பொண்ணு பகல்ல குடிக்கிறது 24 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 720 மில்லி. நீங்க இல்லாத 14 மணி நேரத்துலயே ஒரு நாள் முழுக்கக் குடிக்க வேண்டியத அவளுக்குக் குடுத்து முடிச்சாச்சு! அதுக்கு மேல 4 வேளை கஞ்சி. அப்புறம் ராத்திரி 8 மணிக்கு நீங்க வந்து மார்புல வெக்கும்போது வயித்துல எடம் எங்கம்மா இருக்கு? மூஞ்சியத் திருப்பாம என்ன செய்வா?

பேபி சிட்டர் அக்கா மேல தப்பு சொல்லல, அவங்க பாசமாத் தான் குடுக்குறாங்க. பாட்டில்ல பால் தானா ஓடி வரும், வாயில வந்தத குழந்தை முழுங்கித் தான் ஆகணும், அதனால "குடிக்கிறா, அப்ப பசி இருக்கு"ன்னு நெனைக்கிறது சகஜம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அம்மா இல்லாத ஒரு மணி நேரத்துக்கு 30லேர்ந்து 45 மில்லின்னு ஒரு பொதுக் கணக்கு வெப்போம். திட உணவும் சாப்புடுற 7 மாசக் குழந்தைக்கு அந்தக் கீழ்க் கணக்கே போதும், அப்படின்னா உங்க 14 மணி நேரத்துக்கு 420 மில்லி, சுமார் 14 அவுன்ஸ். இப்ப நீங்க எடுக்குறது 6 அவுன்ஸ். அப்ப நீங்க அடைக்க வேண்டிய ஓட்டை 8 அவுன்ஸ், 24லேர்ந்து 6 கழிச்சா வர்ற 18 இல்ல. ராத்திரி படுக்கையில அழுததா எழுதியிருந்தீங்களே, அந்த 18 அவுன்ஸுல பத்து அவுன்ஸு நெசமாவே உங்ககிட்ட யாரும் கேக்காத பால்.

அக்காகிட்ட கேட்டுக்க வேண்டியது இவ்வளவு தான். பாட்டில்ல 3, மிஞ்சிப் போனா 4 அவுன்ஸுக்கு மேல ஊத்த வேண்டாம். மெதுவா ஓடுற டீட் (பாட்டில் காம்பு), அதே சின்ன சைஸ்லயே இருக்கட்டும், மாசத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டே போகணும்னு இல்ல. குழந்தைய நல்லா நிமுத்தி உக்கார வெச்சு, பாட்டில படுக்க வெச்ச மாதிரி பிடிச்சு, நடு நடுவுல நிறுத்தி, அவ வாயத் திருப்புனா அத்தோட விட்டுரணும், மிச்சத்த ஊட்டி முடிக்கணும்னு பாக்கக் கூடாது. அழுதா எப்பவும் பசின்னு இல்ல, தூக்கம் வரும், பல்லு வரும், தூக்கச் சொல்லிக் கூட அழும். சாயங்காலம் 6 மணிக்கு மேல பாட்டில் வேண்டவே வேண்டாம், ரொம்ப அழுதா ஒரு அவுன்ஸு மட்டும், ஏன்னா 8 மணிக்கு நீங்க வந்துருவீங்க.

குறைக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த வாரமே கிளினிக்குல எடை பாத்துருங்க. குழந்தையோட ரெக்கார்ட் புக்குல வளர்ச்சிக் கோடு இருக்கும், அவ எப்பவும் போற கோட்டு ஓரமாவே போறாளான்னு மிஸ்ஸிகிட்ட கேளுங்க. ஒரு நாளைக்கு 5, 6 பேம்பர்ஸ் நல்லா கனமா நனைஞ்சு, முழிச்சிருக்கும்போது சுறுசுறுப்பா இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. கோடு கீழ எறங்கியிருந்தா, இல்ல சிறுநீர் குறைஞ்சு குழந்தை சோந்து கிடந்தா, பாட்டில் அளவக் குறைக்காதீங்க, மாவுப் பால நிறுத்தாதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஃபேக்டரிக்குள்ள

க்ளீன் ரூம் வேலையப் பத்தி நீங்க எழுதியிருந்தது எனக்குப் புரியுது மா. ஜம்ப்சூட், ஹூட், மாஸ்க், பூட்ஸ் எல்லாம் கழட்டி, லாக்கர் வரைக்கும் நடந்து, திரும்ப மாட்டி ஏர் ஷவர் வழியா உள்ள வர்றதுக்கே 15 நிமிஷம் போயிடும், அரை மணி நேர ரெஸ்ட்ல அப்புறம் எங்க சாப்புடுறது எங்க பம்ப் பண்றது. 4 தடவை 2 தடவையா ஆனதுக்கு இது தான் காரணம், உங்க உடம்பு இல்ல. காலையில 10:30, அப்புறம் சாயங்காலம் 4, நடுவுல அஞ்சரை மணி நேரம் பால் உள்ளயே நிக்குது, உடம்பு "சரி, இந்த நேரத்துக்கு யாருக்கும் வேண்டாம் போல"ன்னு எடுத்துக்குது.

என் யோசனை இது. 5:15க்கு கெளம்பறதுக்கு முன்னாடி தூக்கக் கலக்கத்துலயே அவளுக்குக் குடுத்துடுங்க. பஸ் 6:30க்கு எறக்கி விடுதுன்னு சொன்னீங்க, அப்ப ஜம்ப்சூட் போடுறதுக்கு முன்னாடி லாக்கர் ரூம்லயே 10 நிமிஷம் ஒரு தடவ பம்ப் பண்ணுங்க. இதுக்குக் கழட்டி மாட்டுற நேரமே செலவு இல்ல பாருங்க. பெரும்பாலான அம்மாமாருக்கு விடிகாலையில தான் பால் கூடுதலா இருக்கும், இப்பத் தான குடுத்தோம்னு விடாதீங்க. அப்புறம் 11 மணி சுமாருக்கு ஒண்ணு, 3:30 சுமாருக்கு ஒண்ணு. மொத்தம் மூணு. ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறும்போது பண்ண வேண்டாம், அது அவளுக்கு உள்ள பால்.

பம்பையும் ஒரு தடவ பாருங்க. 5 அவுன்ஸு 3 அவுன்ஸா ஆனதுக்குப் பாதி நேரம் அந்தச் சின்ன சிலிக்கான் வால்வு தான் காரணமா இருக்கும், தெனம் பாவிச்சா சில மாசத்துலயே தளந்து இழுவை குறைஞ்சிரும், விலையும் பெருசா இல்ல, மாத்திப் பாருங்க. புனலோட அளவு உங்களுக்குச் சரியா இருக்கான்னும் பாக்கணும். காம்பு ஓரத்துல உரசி வலிச்சாலோ காம்பச் சுத்தியுள்ள கருப்புப் பகுதி ரொம்ப உள்ள இழுத்தாலோ அளவு சரியில்ல. பம்ப் ஓடும்போதே கையால மார்ப அமுக்கித் தடவி விடுங்க, முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் கையால பீச்சுங்க, மெஷின் விட்டுட்டுப் போன பால் கைக்கு வரும். மொபைல்ல பொண்ணோட சிரிக்கிற வீடியோ ஒண்ணு பாத்துக்கிட்டே பண்ணுங்க, பால் எறங்குறதுக்கு ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் வேணும், பதட்டமா மணியப் பாத்துக்கிட்டு இருந்தா அது தயங்கும். பாட்டில ஒரு காலுறையால மூடிட்டுப் பண்ணச் சொன்னா சிலருக்கு உடனே கூடுதலா வரும், எத்தன அவுன்ஸ்னு பாத்துக்கிட்டே இருக்கிற பயம் போயிடுதுல்ல.

லீவு நாள்ல ஒரு வேலை செய்யலாம், ஒரு மணி நேரத்துல 20 நிமிஷம் பம்ப், 10 நிமிஷம் ரெஸ்ட், திரும்ப 10 பம்ப், 10 ரெஸ்ட், 10 பம்ப். குழந்தை வளர்ச்சி நேரத்துல அடிக்கடி குடிக்குமே, அந்த மாதிரி உடம்புக்குச் சொல்றது. மூணு நாலு நாள் செஞ்சாத் தான் வித்தியாசம் தெரியும், மொத நாளே ஒண்ணும் வரலன்னு விட்டுறாதீங்க. இத விட நல்லது, லீவு நாள்ல பாட்டில எடுத்து உள்ள வெச்சுட்டு அவ கேக்கும்போதெல்லாம் நேரடியா குடுக்குறது தான், எந்தப் பம்பும் குழந்தை வாய்க்கு ஈடு இல்ல.

எடுத்த பாலுக்கு, ஐஸ் பேக் நல்லா உறைஞ்ச கூலர் பேக்ல 24 மணி நேரம் வரைக்கும் வெக்கலாம், வீட்டு ஃப்ரிட்ஜ்ல 4 நாள். வெளிய 4 மணி நேரம்னு சொல்றது 25 டிகிரிக்கு உள்ள கணக்கு, நம்ம பினாங்கு சூட்டுல ஏர்கான் இல்லாத வீட்டுல அத நம்பவே வேண்டாம். குழந்தை வாய் வெச்ச பாட்டில்ல மிச்சம் இருந்தா 2 மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும், இல்லன்னா கொட்டிடணும். அதனாலயும் சின்னச் சின்ன பாட்டிலா ஊத்துறது தான் லாபம்.

சட்டம் என்ன குடுக்குது, என்ன குடுக்கல

ஃபேஸ்புக்ல "பால் குடுக்குற அம்மாவுக்கு தெனம் ஒரு மணி நேரம் கம்பெனி குடுத்தே ஆகணும், மலேசியச் சட்டம்"னு பாத்ததா எழுதியிருக்கீங்க. மனசு கஷ்டமாத் தான் இருக்கு இதச் சொல்ல, நம்ம 1955 வேலைவாய்ப்புச் சட்டத்துல அப்படி ஒரு விதி இல்ல மா. 2023 ஜனவரி 1லேர்ந்து பிரசவ லீவு 60 நாள்லேர்ந்து 98 நாளா ஆச்சு, ஆனா அதுக்கப்புறம் பம்ப் பண்ண தனி நேரம், தனி ரூம்னு தனியார் கம்பெனிகளக் கட்டாயப்படுத்துற வரி அதுல எழுதல. இது மாறணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன், 6 மாசம் தாய்ப்பால் மட்டும் குடுன்னு கிளினிக் சுவத்துல போஸ்டர் ஒட்டிட்டு 14 வாரத்துல அம்மாவ லைன்ல நிக்க வெச்சா எப்படி முடியும்.

அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டாம், உங்க கையில ரெண்டு விஷயம் இருக்கு. பொதுவா 5 மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்குனா அரை மணி நேரமாவது ரெஸ்ட் குடுக்கணும்னு சட்டம் சொல்லுது, அந்த நேரத்துல நீங்க என்ன செய்யறீங்கங்கறது உங்க இஷ்டம். இன்னொண்ணு, அதே 2023லேர்ந்து பிரிவு 60P-ன்னு ஒண்ணு சேத்திருக்காங்க, வேலை நேரம், வேலை நாள், வேலை எடம், இதுல மாத்தம் வேணும்னு தொழிலாளி எழுத்துல கேக்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் குடுக்கணும். குடுத்தே ஆகணும்னு இல்ல, ஆனா வாயால லைன் லீடர்கிட்ட கேட்டு அவரு உதட்டப் பிதுக்குறதுக்கும், எச்ஆர் மேசையில ஒரு பேப்பர் இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

எழுதும்போது தெளிவா, சின்னதா கேளுங்க. "என் குழந்தைக்கு 12 மாசம் ஆகற வரைக்கும், அடுத்த 5 மாசத்துக்கு, என் ரெண்டு ரெஸ்டோடயும் 15 நிமிஷம் கூடுதலா வேணும், முதலுதவி அறைய உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் பாவிக்க அனுமதி வேணும்." முடியற தேதி ஒண்ணு இருந்தா மேலாளருக்கும் சம்மதிக்கறது சுலபம். மலாய்க்கார சகோதரிங்க பொம்பளைங்க சூராவுல (தொழுகை அறையில) திரைக்குப் பின்னாடி பம்ப் பண்றாங்க, நம்ம அங்க போறது மொறையில்லையோன்னு தயங்குனேன்னு எழுதியிருந்தீங்க, உங்க தயக்கம் மரியாதையானது, அதனாலயே தான் முதலுதவி அறையக் கேக்கச் சொல்றேன். அந்த சகோதரிங்களையும் சேத்து கையெழுத்து வாங்கிக் குடுத்தா இன்னும் நல்லது, ஒருத்திக்காக ரூம் ஒதுக்குறத விட அஞ்சு பேருக்கு ஒதுக்குறது கம்பெனிக்கு நியாயமாத் தெரியும். டாய்லெட்ல மட்டும் வேண்டாம், குழந்தை குடிக்கப் போற பால் அது. தொழிலாளர் சட்டத்துல மேற்கொண்டு சந்தேகம்னா ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுல (தொழிலாளர் துறையில) கேளுங்க, நான் வக்கீல் இல்ல, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பம்பு, கூலர் பேக் வாங்குன ரசீத எறிஞ்சுறாதீங்க. 2 வயசும் அதுக்குக் கீழயும் குழந்தை உள்ள அம்மாவுக்கு, வருமான வரி கட்டும்போது தாய்ப்பால் சாதனத்துக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கழிவு உண்டு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. அம்மா பேர்ல தான் கேக்க முடியும்.

மாத்திரையும் பூண்டும்

அந்த அட்டைய உடனே ஒரு பக்கம் வெச்சுருங்க. நீங்க எழுதுன பேரு டோம்பெரிடோன், அது வாந்திக்குக் குடுக்குற மருந்து, பால் கூடறதுக்கும் சில டாக்டருங்க எழுதிக் குடுப்பாங்க, ஆனா சிலருக்கு இருதயத் துடிப்பக் கொழப்பி விடும், வேற மருந்தோட சேந்தா இன்னும் மோசம். டாக்டர் உங்கள விசாரிச்சு, தேவைப்பட்டா ஈசிஜி எடுத்து, எழுதிக் குடுத்தா எடுக்கலாம். தோழி குடுத்தான்னு முழுங்குற மருந்து இது இல்ல.

இன்னொரு எடத்துல போற போக்குல "ரெண்டு வாரமா சளி, மூக்கடைப்பு மாத்திரை போட்டேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அது தான் கண்ணுல பட்டுது. மூக்கடைப்பு மாத்திரை பலதுல சூடோஎபெட்ரின் இருக்கும், அது பாலக் குறைக்கும். 8 அம்மாமார வெச்சு 2003ல வந்த ஒரு ஆய்வுல, 60 மில்லிகிராம் ஒரே ஒரு தடவ குடுத்ததுக்கே அந்த நாள் பால் சராசரியா 24 சதவீதம் கொறைஞ்சிருக்கு. சின்ன ஆய்வு தான், இருந்தாலும் நானும் கண்ணால பாத்திருக்கேன். மூக்குக்கு உப்புத் தண்ணி ஸ்ப்ரே, ஆவி பிடிக்கிறது போதும். குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை ஆரம்பிச்சிருந்தாலும் கேட்டுக்குங்க, ஈஸ்ட்ரோஜன் சேந்த மாத்திரை பாலக் குறைக்கலாம், புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளது பரவால்ல. மாதவிலக்கு வந்துட்டதால பால் குடுத்தா கர்ப்பம் ஆகாதுங்கற பாதுகாப்பு உங்களுக்கு இப்ப இல்ல, அடுத்த தடவ தள்ளிப் போனா டெஸ்ட் பண்ணிடுங்க, கர்ப்பமும் பாலக் குறைக்கும். மாதவிலக்குக்கு முன்னாடி சில நாள் பால் குறைஞ்சு அப்புறம் ஏறுறது சாதாரணம், அந்த நாள்ல பதறாதீங்க. அசதி ரொம்ப இருக்குன்னு சொன்னதால ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் கிளினிக்குல ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்க.

பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை எல்லாம் மாமியாரு செஞ்சு குடுத்தா சந்தோசமா சாப்புடுங்க. உங்களுக்குத் தெம்பு வரும், யாரோ நம்மள கவனிக்கிறாங்கங்கற நிம்மதியும் வரும், அதுக்கும் மதிப்பு உண்டு. ஆனா பால் வெளிய எடுக்காம பூண்ட மட்டும் தின்னா ஏறாது. அந்தப் பவுடர் டப்பாவத் திருப்பிப் பாருங்க, வெந்தயம் தான் முக்கியச் சரக்கா இருக்கும், சமையல் அளவுக்குப் பரவால்ல, கேப்சூல் அளவுல எடுத்தா சக்கரையக் குறைக்கும், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்புடுறவங்களுக்கு ஆகாது. இனிமே அதுக்குக் காசு போடாதீங்க, அந்தக் காசுல புது வால்வு வாங்குங்க.

கஞ்சி

7 மாசத்துக்கு ஒரு நாளைக்கு 2லேர்ந்து 3 வேளை போதும், 4 வேளை வேண்டாம். மொதல்ல பால், அரை மணி ஒரு மணி கழிச்சு சாப்பாடு, ஒரு வயசு வரைக்கும் இந்த வரிசையிலயே போங்க. தண்ணியா கஞ்சி வயித்த நெறைக்கும், சத்து குறைவு. இந்த வயசுல தாய்ப்பால் மட்டும் போதுமான அளவு குடுக்க முடியாத ஒண்ணு இரும்புச் சத்து, அதனால வெறும் அரிசியும் கேரட்டும் போதாது, கோழி ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கொஞ்சம் கெட்டியா மசிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. வேளையக் குறைச்சு கெட்டியாக் குடுத்தா குழந்தைக்கும் நல்லது, உங்க பாலுக்கும் எடம் கிடைக்கும்.

மூணு வழி

மூணு வழி இருக்கு உங்களுக்கு. மேல சொன்னதெல்லாம் செஞ்சு பழைய அளவுக்குப் பக்கத்துல கொண்டு வர்றது. இல்லன்னா பகல்ல பாதி மாவுப் பால், காலையும் ராத்திரியும் லீவு நாளும் உங்க பால்னு கலந்து போறது. இல்ல, நிறுத்துறது. எனக்கு மனசு மொத வழியில ரெண்டு வாரம் முயற்சி பண்ணிப் பாக்கச் சொல்லுது, ஏன்னா உங்களுக்கு 8 அவுன்ஸ் தான் இடைவெளி, அதுலயும் பாதி ஏறுனாலே நெலமை மாறிடும். ரெண்டு வாரம் கழிச்சும் உடம்பு தாங்கல, தூக்கம் இல்ல, கம்பெனி ஒத்துவரலன்னா ரெண்டாவது வழிக்குப் போங்க, அதுல எந்தக் குத்தமும் இல்ல, மாவுப் பால் குடிச்சு வளர்ற புள்ளைங்களும் நல்லாத் தான் வளருது. ஒரு வேளை பால் குடுத்தாலும் அது பால் தான். நிறுத்தறதா முடிவு பண்ணாலும் ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு வேளையா விடுங்க, இல்லன்னா கட்டிக்கும். மார்புல செவந்து வலிச்சுக் காய்ச்சல் வந்தா டாக்டரப் பாருங்க, அப்பவும் பால் எடுக்குறத நிறுத்தக் கூடாது. மாவு கலக்கும்போது டப்பாவுல போட்ட கரண்டிக் கணக்க விட்டு ஒரு சொட்டு தண்ணி கூட அதிகமா ஊத்த வேண்டாம்னும், ஒரு வயசுக்கு முன்னாடி சாதாரண மாட்டுப் பால பாட்டில்ல குடுக்க வேண்டாம்னும் அக்காகிட்ட சொல்லுங்க.

அந்த 8 மணி

இப்ப உங்க கடைசிக் கேள்வி. அவளுக்கு உங்கள வேண்டாம்னு இல்ல மா. 7:30க்கு 6 அவுன்ஸு குடிச்சுட்டு நிக்கிற குழந்தை மார்பத் தள்ளுது, அவ்வளவு தான். அதுக்கு மேல, நீங்க உள்ள வந்ததும் அவ கைய நீட்டுறா, நீங்க தூக்காம நேரா குளியலறைக்குப் போயி பால் பீச்சிக் கொட்டிட்டு அரை மணி கழிச்சு வர்றீங்க, அதுக்குள்ள அவ அழுது ஓஞ்சு கோபமாயிடறா.

சூட்டுப் பால்னு ஒண்ணு கிடையாது. நீங்க வெயில்ல நின்னாலும், 12 மணி நேரம் மெஷின் பக்கத்துல நின்னாலும் மார்புக்குள்ள இருக்கிற பால் உங்க உடம்புச் சூட்டுல தான் இருக்கும், கெடாது, புளிக்காது. அது பாட்டில்ல ஊத்தி வெச்ச பால் இல்ல, ரத்த ஓட்டத்தோட உயிரோட இருக்கிற எடத்துல இருக்கு. மாமியாருகிட்ட சண்டைக்குப் போக வேண்டாம், அவங்க அம்மா அவங்களுக்குச் சொன்னத அவங்க உங்களுக்குச் சொல்றாங்க, பேத்தி மேல உள்ள அக்கறை அது. "அத்தை, கிளினிக் மிஸ்ஸி அந்தப் பாலத் தான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க, அது கெடவே கெடாதாம்"னு என் மேல போட்டுருங்க, நாளைக்கு அவங்களையும் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க, நானே பேசுறேன். நாள் பூரா நீங்க தேடிக்கிட்டு இருக்கிற அந்த மிச்சப் பால் குளியலறைத் தொட்டியில தாம்மா போய்க்கிட்டு இருக்கு.

வேலை நாள்ல இப்படிச் செய்யுங்க. வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு, கையும் மொகமும் கழுவிட்டு, ஃபேக்டரி சட்டைய மாத்திட்டு, அஞ்சே நிமிஷத்துல அவளத் தூக்கிக்கிட்டு விளக்கக் கொறைச்ச ரூமுக்குப் போயிடுங்க, டிவி வேண்டாம், இந்த வயசுல எந்தச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாப்பா. மொதல்ல மார்புல வெக்காதீங்க, சும்மா தோள்ல போட்டு ஒடம்போட ஒடம்பா வெச்சிருங்க. அவளே தேடுவா. மொத ரெண்டு நாள் தேடலன்னாலும் ராத்திரி தூக்கத்துல தேடுவா, அப்பக் குடுங்க, ராத்திரி பால் எடுக்குறது உங்க சுரப்புக்கும் நல்லது. குளிக்கிறதும் சாப்புடுறதும் அப்புறம். பம்ப் சாமான் கழுவி வெக்கிறது, ஐஸ் பேக் ஃப்ரீசர்ல வெக்கிறது எல்லாம் இனிமே உங்க வீட்டுக்காரர் வேலை, இந்தக் கடிதத்த அவரு படிக்கிறாருன்னு தெரியும், அதனால நேராவே சொல்றேன் தம்பி, ராத்திரி 8 மணிலேர்ந்து 9 மணி வரைக்கும் அவங்க ரெண்டு பேரையும் யாரும் கூப்புடாமப் பாத்துக்குங்க.